நாதசுரச் சக்கரவர்த்தி இராஜரத்தினம் பிள்ளை

இசையுலகிற் பெரும்புகழ் எய்தினார் சிலர், தம் வாழ்நாள் உழைப்பு முழுவதற்கும் ஈடாக ஒரே ஒரு பாட்டாலோ ஓர் இராகத்தாலோ மட்டும் நினைக்கப்படுகின்றனர். அஃது அவர்க்குப் பெருமையேயாயினும் ஒருவகையிற் குறையுமாகும். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை என்றவுடன் தோடி என்று சொல்லாதார் இசையறிந்தாருள் இலர். தோடியைத் தவிர அவர் வாசித்தவை யாவை என்று வினவினாலோ விடை கூறுவார் மிக அரியர். அப்பெரியாரின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, அவருடைய ஏனைய இசைத்தட்டுகளையும் நம் மாணவர் தேடிக் கேட்குமாறு தூண்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சோழவள நாட்டில் நாகப்பட்டினத்தையடுத்த திருமருகல் என்னும் ஊரில், 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27ஆம் நாள், குப்புசாமி பிள்ளைக்கும் கோவிந்தம்மாளுக்கும் மகனாக இவர் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியன். திருவாவடுதுறை ஆதீனத்து நாதசுர வித்துவானாய் விளங்கிய தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை இவரைத் தம் பிள்ளையாகவே ஏற்று வளர்த்தார். இராஜரத்தினம் என்ற பெயரும் அப்பொழுது வழங்கலாயிற்று. நடேச பிள்ளை இளமையிலேயே காலமாக, ஆதரவற்ற சிறுவனுக்குத் திருமடமே தாய்வீடாயிற்று.

இவர் முதலிற் கற்றது நாதசுரம் அன்று, வாய்ப்பாட்டேயாகும். பிடில் வாசிப்பிற் பெயர்பெற்ற திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் பாட்டுப் பயின்ற பின்னரே அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளை முதலியோரிடம் நாதசுரம் கற்றார். இம்முறை அவருக்குப் பெரிதும் நன்மையாயிற்று. குழலூதும்போதும் அவர் உள்ளத்தில் ஒரு பாடகன் பாடிக்கொண்டேயிருந்தான் எனலாம். அவருடைய வாசிப்பைக் கேட்பார்க்குக் கருவியின் ஓசை மறைந்து மனிதக் குரலே முன்னிற்றல் இதனாலன்றோ!

அக்காலத்து வித்துவான்கள் பெரும்பாலும் திமிரி என்னும் குட்டை நாதசுரத்தையே கையாண்டனர். அது நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் உரத்து ஒலிப்பது, வீதியுலாவிற்கு ஏற்றது. ஆனால் சபையில் அமர்ந்து நுணுக்கமாக இசைத்தற்கு அத்துணைப் பொருந்துவதன்று. சுத்த மத்திமமும் அதிற் செவ்வனே அமைவதில்லை. இக்குறையை உணர்ந்த பிள்ளையவர்கள், நாதசுரம் செய்வதிற் கைதேர்ந்த நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியாரைக் கொண்டு, நீளமும் ஆழ்ந்த நாதமும் உடைய பாரி நாதசுரத்தைச் செம்மையுற அமைப்பித்தார். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கிற்று, இசையோ உயர்ந்தது. இன்று நாதசுரம் வாசிப்போர் பெரும்பாலார் கையிலிருப்பது அப்பாரியே. ஒத்துக் கருவிக்கு மாறாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்து வாசித்தலையும் அவர் மேற்கொண்டார்.

கருவியை உயர்த்தியது போன்றே கருவியாளர் நிலையையும் உயர்த்த அவர் போராடினார். பாடகர் மேடைமேல் அமர்ந்திருப்ப, நாதசுரக்காரர் மட்டும் மேலாடையின்றி மணிக்கணக்காக நின்று வாசித்தல் வேண்டும் என்பது அந்நாளைய வழக்கம். இதனைப் பிள்ளையவர்கள் ஒப்பவில்லை. தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டார், பட்டுச் சட்டை அணிந்தார், பாடகருக்குள்ள மேடையும் இருக்கையும் தமக்கும் வேண்டுமென வற்புறுத்தினார். செருக்கு என்று தூற்றினார் பலர். ஆயினும் அவர் கேட்டது தமக்கு மட்டுமன்று. பிறப்பினாற் பின்னே நிறுத்தப்பட்ட ஒரு குலத்தார் அனைவர்க்குமாம். மனிதனை மனிதன் தாழ்த்துதல் தகாது என்று கற்பிக்கும் கல்லூரியிற் பயிலும் நாம் இதனைச் செருக்கென்று தள்ளுதல் முறையாகாது.

அவர் புகழ் நாளும் வளர்ந்தது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலும் இவர் நாதசுரமும் சேர்ந்தொலித்த கச்சேரிகளுக்கு மக்கள் காததூரத்திலிருந்தும் வந்து கூடினர். 1940இல் வெளிவந்த காளமேகம் என்னும் படத்தில் கவி காளமேகமாக நடித்துப் பாடினார். 1947இல் நாடு விடுதலை பெற்றபோது ஆதீனத்தார் அனுப்பப் புதுடில்லி சென்று வாசித்தார். 1955ஆம் ஆண்டிற்குரிய சங்கீத நாடக அகாடமி விருதும் அவருக்குக் கிடைத்தது.

இனி, அவருடைய இசைத்தட்டுகளைப் பற்றிச் சிறிது கூறுவோம். நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டில், ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட இசையே அடங்கும். ஓர் இராகத்தையே இரவெல்லாம் விரிக்க வல்லார்க்கு அது குறுகிய கூண்டன்றி வேறென்ன? எனினும் அக்கூண்டினுள்ளும் அவர் வானத்தைக் காட்டினார். தோடித் தட்டுப் பல வீடுகளிற் புகுந்து, மணப்பந்தலிலும் திருவிழாவிலும் முழங்கிற்று. அதன் புகழ் நிழலில் ஷண்முகப்பிரியா முதலிய ஏனைய இராகங்களும் கீர்த்தனங்களும் மறைந்துபோயின. பிற்காலத்தில் இவை நெடுந்தட்டிலும், ஒலிநாடாவிலும், குறுந்தகட்டிலும் மறுபடி வெளிவந்தன.

இராஜாக்கமங்கலத்தில் எம் உறவினர் இல்லத்துப் பெட்டியொன்றில் அத்தகைய ஒலிநாடா ஒன்றைக் கண்டெடுத்தோம். ஒரு பக்கத்தில் தோடி. பன்முறை ஓடித் தேய்ந்து, கடலோசைபோல் இரைந்தது. மறுபக்கத்தைத் திருப்பினோம். புதிதுபோலத் தெளிவாக ஒலித்தது. அவ்வீட்டார் அதனைத் திருப்பிக் கேட்டிலர் என்பது அத்தெளிவினாலேயே விளங்கிற்று. அன்றுதொட்டு அவருடைய மறுபக்க இசைகளைத் தேடித் தொகுத்து வருகின்றோம். தோடியிற் கடல்போற் பரந்து நின்றவர், சிறு கீர்த்தனத்தில் ஓடைபோல் அடக்கமாக நடத்தலைக் கேட்கின்றோம். தோடியை மட்டும் அறிந்தார் அவரிற் பாதியையே அறிந்தாராவர். கோயிலிசையாகிய இது கிறிஸ்தவராகிய எமக்கு எற்றுக்கு என்று வினவுவாரும் உளர். நாதம் எம்மதத்தாரையும் வாயிலில் நிறுத்தி வினவுவதில்லை என்பதே எம் விடை.

அவர் வாழ்வில் மாசு இலதென்று கூறல் உண்மையாகாது. குடிப்பழக்கம் அவரை விடவில்லை. ஒப்புக்கொண்ட கச்சேரிக்குச் செல்லாதொழிதலும் உண்டு. ஆயிரக்கணக்காக ஈட்டிய பொருளை வந்த வழியே செலவிட்டார். முடிவில், 1956ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12ஆம் நாள், சென்னையில் வறியராகவே உயிர்நீத்தார். சக்கரவர்த்தி என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்டவர் கருவூலத்தில் எஞ்சியது இசையொன்றே.

ஆயினும் அவ்விசை அழியவில்லை. அவர் மாணாக்கராய்த் திருநெல்வேலிச் சீமையில் விளங்கிய காருகுறிச்சி அருணாசலம் அதனைத் தென்னாடெங்கும் பரப்பினார். தட்டுகளில் உறங்குவதை எழுப்புதல் நம் கடன். தாலந்தைப் புதைத்த ஊழியன் கதையை நாம் அறிவோம். இராஜரத்தினம் பிள்ளை தம் தாலந்தைப் புதைத்தவர் அல்லர். கேளாதிருந்து புதைப்பவர் நாமே. ஆதலின் நண்பர்காள், உங்கள் வீட்டுப் பழம்பெட்டிகளைத் திறந்து பாருங்கள். கிடைத்த நாடாவைத் திருப்பிப் போட்டுக் கேளுங்கள்.