கூடாரத்தில் குடியிருந்த கலெக்டர்

சென்னை அண்ணா சாலையில், தீவுத்திடல் அருகே ஒரு குதிரை வீரர் சிலை நிற்கிறது. குதிரையின் முதுகில் சேணம் இல்லை. கால் வைக்க அங்கவடியும் இல்லை. பஸ்ஸில் போகிறவர்கள் தினமும் அதைப் பார்க்கிறார்கள். அவர் யார் என்பது பலருக்குத் தெரியாது.

அவர்தான் சர் தாமஸ் மன்றோ. சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்தவர். ஆனால் அவர் நாடாளும் தொழிலைக் கற்றது சென்னைக் கோட்டையில் அல்ல. ஆம்பூரிலும் தர்மபுரியிலும்தான் கற்றார்!

வியாபாரியின் மகன்

1761-ம் ஆண்டு மே மாதம் 27-ந் தேதி ஸ்காட்லாந்து நாட்டில், கிளாஸ்கோ நகரில் மன்றோ பிறந்தார். தகப்பனார் அமெரிக்காவோடு புகையிலை வியாபாரம் செய்தவர். அமெரிக்க மக்கள் சுதந்திரப் போர் தொடங்கினார்கள். அதில் தகப்பனாரின் வியாபாரம் நொடித்துப் போயிற்று.

மகன் பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறினார். கிழக்கிந்தியக் கும்பினியின் பட்டாளத்தில் சேர்ந்து, 1780-ம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினார். அப்போது வயது 18.

அதே ஆண்டில் மைசூர் ஐதர் அலி பெரும் படையோடு கணவாய் வழியே இறங்கினார். வேலூர்க் கோட்டை முற்றுகைக்கு உள்ளாயிற்று. ஊர்கள் எரிந்தன. குடியானவர்கள் மாடு கன்றுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்கும் மலைக்கும் ஓடினார்கள். 1784-ல்தான் சமாதானம் வந்தது. நான்கு வருஷம் போர்க்களத்தில் இருந்த மன்றோ இதையெல்லாம் கண்ணால் கண்டார்.

மற்ற வெள்ளைக்கார வாலிபர்கள் சீட்டாட்டத்தில் பொழுதைப் போக்கினார்கள். மன்றோ பாஷை படித்தார். பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். அந்தப் படிப்பு வீண் போகவில்லை. 1788-ல் காப்டன் அலெக்சாண்டர் ரீட் என்பவரின் கீழ், உளவு இலாகாவில் உத்தியோகம் கிடைத்தது. ஆம்பூர் அப்போது எல்லைப்புற ஊர். அங்கே தங்கி, மலைக்கு மேலே திப்பு சுல்தானின் சீமையில் நடப்பதை விசாரித்து எழுதுவதே வேலை.

போர் ஓய்ந்தது, கஷ்டம் ஓயவில்லை

1790-ல் மீண்டும் போர். 1792-ம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை ஏற்பட்டது. திப்பு தமது ராஜ்யத்தில் பாதியை விட்டுக் கொடுத்தார். சேலம் சீமையும் பாரமகாலும் கும்பினியின் கைக்கு வந்தன.

பாரமகால் என்றால் பன்னிரண்டு கோட்டைகள் கொண்ட சீமை. கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், வாணியம்பாடி எல்லாம் அதில் அடக்கம். இன்று தோலுக்கும் செருப்புக்கும் பேர்போன இந்தப் பகுதி, அன்று போர் மிதித்துப் போட்ட பூமியாகக் கிடந்தது.

அதை யார் ஆள்வது? சென்னையில் இருந்த சிவில் அதிகாரிகளுக்கு ஊர்ப் பாஷையே தெரியாது. ஆகவே கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு பட்டாளத்து ஆட்களைப் பொறுக்கி எடுத்தார். தலைவர் ரீட். உதவிக்கு மூன்று பேர். அவர்களில் ஒருவர் மன்றோ. தர்மபுரிப் பகுதி அவர் பங்குக்கு வந்தது.

குத்தகைக்காரனா? குடியானவனா?

நவாப் சீமையில் அக்காலத்தில் வரி வசூலைக் குத்தகைக்கு விடுவது வழக்கம். அதிகத் தொகை கேட்பவனுக்குக் குத்தகை. அவன் போட்ட பணத்தை எடுக்க வேண்டும், லாபமும் பார்க்க வேண்டும். ஆகவே குடியானவனைக் கசக்கிப் பிழிவான். அடுத்த வருஷம் அவன் அங்கே இருப்பானோ, மாட்டானோ! ஊர் எக்கேடு கெட்டால் அவனுக்கு என்ன?

ரீட்டும் மன்றோவும் வேறு வழியில் போனார்கள். நடுவில் ஆள் வேண்டாம், உழுகிறவனோடு சர்க்காரே நேரில் பேசட்டும் என்பது அந்த வழி.

பேசுவது என்றால் லேசா? எவ்வளவு நிலம், யாருடைய நிலம், என்ன விளையும் என்று தெரிய வேண்டாமா? கர்ணத்தின் ஏட்டில் ஒன்று இருக்கும், வயலில் வேறொன்று இருக்கும். எனவே வயல் வயலாக அளக்கத் தொடங்கினார்கள். புன்செய், நன்செய், தோட்டம் என்று பிரித்தார்கள். ஒவ்வொரு வயலுக்கும் தீர்வை குறித்தார்கள். இது பல வருஷம் நடந்த வேலை.

1796-ல் ரீட் ஓர் அறிக்கை விட்டார். குறித்த தீர்வைக்கு மேல் கேட்க மாட்டோம் என்றார். வேண்டிய வயலை வைத்துக்கொள்ளலாம், வேண்டாததை விட்டுவிடலாம் என்றார். சொந்தச் செலவில் நிலத்தைத் திருத்தினால் அந்தப் பலன் குடியானவனுக்கே என்றார். கிணறு வெட்டி, தோல் சால் கட்டி இறைத்தவனுக்கு இது பெரிய ஆறுதல். இதுவே ரயத்துவாரி முறையின் தொடக்கம்.

மரத்தடிக் கச்சேரி

மன்றோ ஊர் ஊராகச் சுற்றினார். கூடாரம் அடித்துத் தங்கினார். பொழுது விடிந்தால் குடியானவர்கள் கூடிவிடுவார்கள். ஒருவன் வரப்புத் தகராறு சொல்வான். ஒருவன் மாடு செத்தது என்பான். ஒருவன் மழை பொய்த்தது என்பான். உண்மையும் இருக்கும், பொய்யும் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுத் தீர்க்கப் பொழுது சாய்ந்துவிடும்.

சுமார் ஏழு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. தர்மபுரியில் அவர் தோட்டம் போட்டு வளர்த்தார். 1799-ல் அந்த ஊரை விட்டுப் பிரிய அவருக்கு மனமே வரவில்லை.

இது தர்மம் அல்ல

கும்பினி ஒன்றும் அன்னசத்திரம் நடத்தவில்லை. அது வியாபாரச் சங்கம். இங்கே வாங்கிய வரி அதன் கஜானாவுக்குத்தான் போயிற்று. தீர்வையும் கனமாகவே இருந்தது. மன்றோவே அதை ஒப்புக்கொண்டு, குறைக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார்.

போருக்குப் பின் ஊராட்சியை நிலைநிறுத்தும் வேலை நம் காலத்திலும் வெளியார் கைக்குப் போவது உண்டு. 2003-ல் ஈராக்கில் அமெரிக்கப் படை புகுந்த பிறகு, அங்கே உள்ளூர் ஆட்சியைச் சீரமைக்கும் பணியை அமெரிக்க அரசு ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தமாகக் கொடுத்தது. அது உதவிப் பணம். மன்றோ காலத்திலோ வரிப் பணம். ஆனால் இரண்டிலும் ஒரே கேள்விதான். வெளியிலிருந்து வருகிறவன் ஊர்க்காரனின் பேச்சைக் கேட்பானா, மாட்டானா?

ஏலத்தில் போன ஊர்கள்

மன்றோ கன்னடச் சீமைக்கும், பிறகு பல்லாரி, கடப்பைச் சீமைக்கும் கலெக்டராகப் போனார். அவர் போன பின்பு பாரமகாலில் என்ன நடந்தது?

எல்லா இடத்திலும் வங்காளத்து ஜமீன் முறையே வேண்டும் என்று மேலிடம் பிடிவாதம் பிடித்தது. 1802-க்குப் பிறகு, அளந்து வைத்த ஊர்களை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் போட்டார்கள். மீண்டும் நடுவில் ஆள்! பல மிட்டாதாரர்கள் பணம் கட்ட முடியாமல் முழுகிப் போனார்கள். ஏழாண்டு உழைப்பு கண்முன்னே கலைந்தது.

1806-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தார்கள். இது திப்புவின் பிள்ளைகள் செய்த சதி என்று பலர் பேசினார்கள். கவர்னர் பெண்டிங்க் பிரபுவுக்கு மன்றோ வேறு காரணம் எழுதினார். புதுத் தலைப்பாகையைத் திணித்ததும், நெற்றிக்குறியைத் தடுத்ததும் சிப்பாய்களின் மனத்தைப் புண்படுத்தின என்றார். தங்களை மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று ஜனங்கள் நம்பியதாகவும் தெரிவித்தார். ஊர்ப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர் அல்லவா!

1807-ல் தீர்வையில் நாலில் ஒரு பங்கைக் குறைக்கும்படி சிபாரிசு செய்துவிட்டுச் சீமைக்குக் கப்பல் ஏறினார். அப்போது சிபாரிசு பலிக்கவில்லை.

திரும்பி வந்தார்

மன்றோ சோர்ந்துவிடவில்லை. லண்டனில் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் சாட்சி சொன்னார். கும்பினி டைரக்டர்களிடம் வாதாடினார். அவர்கள் மனம் மாறினார்கள். நீதி நிர்வாகத்தைச் சீர்திருத்தும் கமிஷனுக்குத் தலைவராக 1814-ல் அவரையே சென்னைக்கு அனுப்பினார்கள்.

1816-ல் புதுச் சட்டங்கள் வந்தன. கிராமத் தலைவருக்கு முன்சீப் அதிகாரம் கிடைத்தது. சிறு வழக்குக்கு ஜில்லாத் தலைநகர்வரை நடக்க வேண்டியதில்லை. கிராமப் பஞ்சாயத்துக்கும் சட்ட அங்கீகாரம் ஏற்பட்டது. ஜில்லா முன்சீப் பதவிகளில் இந்தியர்கள் அமர்ந்தார்கள்.

1820-ம் ஆண்டு ஜூன் மாதம் மன்றோ கவர்னர் ஆனார். ரயத்துவாரி முறை மீண்டும் தலைதூக்கியது. பல்லாரி, கடப்பைச் சீமையில் அவர் அன்று கேட்ட தீர்வைக் குறைப்பும் நடைமுறைக்கு வந்தது. 1822-ல் ராஜதானியில் உள்ள பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள் இருப்பது தெரிந்தது. இந்தியர்களுக்குப் பெரிய உத்தியோகம் தர வேண்டும் என்றும், அவர்கள் தாங்களே ஆளத் தகுதி பெறும் நாள் வரும் என்றும் 1824-லேயே எழுதி வைத்தார்.

கடைசிப் பயணம்

1827-ல் ஊர் திரும்பும் நேரம். தாம் கலெக்டராக இருந்த சீமையைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் புறப்பட்டார். வழியெங்கும் காலரா. ஜூலை 6-ந் தேதி பட்டிகொண்டா என்ற ஊரில் அந்த நோய்க்கே அவர் பலியானார். உடலைக் கூத்தியில் அடக்கம் செய்தார்கள். 1831-ல் அதைச் சென்னைக் கோட்டையில் உள்ள மாதா கோயிலுக்குக் கொண்டு வந்தார்கள். பட்டிகொண்டாவில் அவர் நினைவாகத் தோப்பு வைத்துக் கிணறு வெட்டினார்கள்.

அவர் செய்ததெல்லாம் பலித்ததா? இல்லை. 1816-ல் வந்த பஞ்சாயத்துகளைத் தேடி ஜனங்கள் அதிகம் போகவில்லை. கிராம முன்சீப் வேலை சில குடும்பங்களின் பரம்பரைச் சொத்தாகி, 1980-ல்தான் ஒழிந்தது. நிலமே இல்லாத கூலிக்காரனுக்கு ரயத்துவாரியால் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆனாலும் ஒன்று நிலைத்தது. வாணியம்பாடி, திருப்பத்தூர்ப் பக்கத்துச் சிறு விவசாயி இன்று தன் பெயரில் பட்டா வைத்திருக்கிறான். அதில் அவன் வயலுக்கு ஓர் எண் இருக்கிறது. வயலுக்கு வயல் கணக்கு எழுதி, உழுகிறவன் பெயரையே அதில் சேர்க்கும் அந்த வழக்கம், போர் ஓய்ந்த அந்தப் பூமியில் நிலத்தை அளந்தபோது ஊன்றியதுதான்.