ஏற்காட்டுப் பூக்களை எழுதி வைத்த ஆசிரியர்

நம்ம சங்ககிரிக்காரர்களுக்கு வெயில் தாங்கலேன்னா நினைவுக்கு வருவது ஏற்காடு. அந்த மலைச் செடிகளைப் புத்தகமாக்கியவர் பி.எஃப். ஃபைசன்.

1877-இல் பிறந்த இவர், 1904-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்குத் தாவரவியல் பேராசிரியராக வந்தார். குளிர்ந்த நீலகிரி, பழனி மலை உச்சிகளில், 6,500 அடிக்கு மேல் வளரும் பூச்செடிகளைத் தேடித் தேடிப் பதிந்தார். முதல் இரண்டு தொகுதிகள் 1915-இல் வெளிவந்தன. படங்கள் வரைந்தவர்களில் அவர் மனைவியும் ஒருவர். 1925 முதல் 1932 வரை கல்லூரி முதல்வர். வேலைப்பளு கொஞ்சமா? ஆனாலும் விடவில்லை. 1932-இல் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலோடு நம்ம ஏற்காட்டையும் சேர்த்து இரண்டு தொகுதிகள் தந்தார். 1947-இல் மறைந்தார்.

பிற்காலத்தில் மலைப் புல்வெளிகளில் பெரும்பகுதியைச் சீகை மரமும் தைல மரமும் பிடித்துக்கொண்டன. அங்கே முன்பு என்ன இருந்ததுன்னு கேட்டால், பதில் சொல்ல அவர் ஏடுகள் இருக்கின்றன. எழுதி வைக்காதது அழிந்தால், அழிந்ததே தெரியாதே!

மாணவத் தம்பி தங்கைகளே, நம்ம சங்ககிரி மலையில் என்னென்ன செடி இருக்குன்னு இந்த வருஷமே ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பியுங்கள். அடுத்து வருபவர்கள் தொடரட்டும்.