மையும் கூலியும்
(புதுமைப்பித்தனின் பணி வாழ்க்கை பற்றிய சில சிந்தனைகள்)

அரியலூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் இரயிலில் பெண்ணாடத்தைக் கடந்ததும் விருத்தாசலம் சந்திப்பு வருகிறது. அந்த ஊர்ப் பெயர்ப் பலகையைக் காணுந்தோறும் சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயர் கொண்ட ஒருவர் என் நினைவில் எழுகிறார். தமிழுலகம் அவரைப் புதுமைப்பித்தன் என்று அறியும். சிறுகதை மன்னர் என்று அவரைப் போற்றுகிறோம். அவருடைய கதைகளை வகுப்பறைகளில் பாடமாக நடத்துகிறோம். ஆய்வேடுகள் எழுதிப் பட்டமும் பெறுகிறோம். ஆயினும் அவர் ஒரு தொழிலாளி என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. நாற்பத்திரண்டு ஆண்டுக் காலமே நீடித்த அவருடைய வாழ்வின் பெரும்பகுதி, ஆள் பற்றாத, பணம் பற்றாத அலுவலகங்களில் கழிந்தது. பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் நம் இலக்கிய வட்டத்தின் மலரில் அந்த வாழ்வை நினைவுகூர்வது பொருத்தமுடையது என்று கருதுகிறேன்.

புதுமைப்பித்தன் 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை அரசுப் பணியில் இருந்தவர். தாயார் பர்வதத்தம்மாளை இளமையிலேயே இழந்தார். குடும்பம் பூர்வீகமான திருநெல்வேலிக்குத் திரும்பியபின், அங்குள்ள இந்துக் கல்லூரியில் பயின்று 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றார். மறு ஆண்டில் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலாவை மணந்தார். அந்நாளில் பட்டம் பெற்ற இளைஞர் நாடிய வழிகள் இரண்டு: ஒன்று அரசுப் பதவி, மற்றொன்று வழக்கறிஞர் தொழில். இவ்விரண்டையும் விடுத்து, எழுதிப் பிழைப்பது என்ற துணிவோடு அவர் சென்னைக்கு வந்தார். எழுத்தைத் தொழிலாகக் கொண்டவனுக்குத் தமிழ்நாட்டில் வீட்டு வாடகைகூட உறுதியில்லாத காலம் அது.

காரைக்குடியில் ராய. சொக்கலிங்கம் நடத்திய ‘ஊழியன்’ இதழில் சிறிது காலம் உதவியாசிரியராகப் பணியாற்றினார். அங்கு நிலைக்கவில்லை. மீண்டும் சென்னைக்கே வந்தார். 1933இல் கு. சீனிவாசன், வ. ராமசாமி, டி.எஸ். சொக்கலிங்கம் ஆகியோர் தொடங்கிய ‘மணிக்கொடி’ அவருக்குக் களமாயிற்று. 1935இல் அவ்விதழ் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கெனவே வெளிவரத் தொடங்கியபோது, அதன் முன்னணி எழுத்தாளருள் ஒருவராக விளங்கினார்.

மணிக்கொடிக் காலம் என்று இலக்கிய வரலாற்றில் தனி அத்தியாயமே வகுத்து எழுதுகிறோம். அந்தப் பொற்காலத்தின் கணக்கேட்டைப் புரட்டிப் பார்ப்பவர் அரியர். எழுதியவர்களுக்குச் சன்மானம் கொடுக்க இயலாத இதழ் அது. அத்தகைய சிற்றிதழ் அலுவலகங்களில் ஆசிரியர் என்றொருவர், மேலாளர் என்றொருவர், மெய்ப்புத் திருத்துபவர் என்றொருவர் எனத் தனித்தனியே ஆள் வைத்துக்கொள்ள வசதி இராது. தலையங்கம் எழுதியவரே மெய்ப்பும் பார்ப்பார். சந்தாப் பணத்தைக் கணக்கில் ஏற்றுபவரும் அவரே. தாள் வியாபாரிக்குச் சமாதானம் சொல்லி அனுப்புபவரும் அவரே. எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து அச்சிட்ட அந்நாளில், கோப்பவர் கைந்நிறுத்திக் காத்திருக்கக்கூடாது என்பதற்காகவே பக்கங்களை நிரப்ப வேண்டியிருந்தது. ஒரே ஆள் பல பெயர்களில் எழுதுவது அக்கால இதழ்களில் இயல்பு. புதுமைப்பித்தனும் சொ.வி., கூத்தன், நந்தன், கபாலி, ரசமட்டம் எனப் பல பெயர்களில் எழுதினார். வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை என்ற பெயரில் கவிதைகளும் புனைந்தார் என்பதை நம் வட்டத்துக் கவிஞர்கள் அறிவர். இப்புனைபெயர்களை இலக்கிய விளையாட்டு என்று மட்டும் கொள்ளுதல் ஆகாது. பல பேர் செய்யவேண்டிய வேலையைச் சிலரே சுமந்த நிலையின் அடையாளமாகவும் அவற்றைக் காணலாம்.

1934இல் தொடங்கப்பெற்ற ‘தினமணி’ நாளிதழில் டி.எஸ். சொக்கலிங்கம் ஆசிரியராக விளங்கினார். புதுமைப்பித்தன் அங்கே உதவியாசிரியராகச் சேர்ந்தார். இங்கே அவருக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. செய்திகளை மொழிபெயர்த்தல், நூல் மதிப்புரை எழுதுதல், மலர்கள் தொகுத்தல் என்று பணிகள் விரிந்தன. பகலில் உலகப் போர்ச் செய்திகளைத் தமிழாக்கிய அதே கை, இரவில் ‘மகாமசானம்’ போன்ற கதைகளை எழுதியது. முசோலினியைப் பற்றியும் ஹிட்லரைப் பற்றியும் நூல்கள் எழுதியதும், அயல்நாட்டுக் கதைகளை ஏராளமாக மொழிபெயர்த்ததும் அவருடைய ஆர்வத்தைக் காட்டுவன. அவற்றில் வருவாய்த் தேவையின் நெருக்குதலும் உண்டு.

1943இல் நிருவாகத்தோடு ஏற்பட்ட வேறுபாட்டால் சொக்கலிங்கம் தினமணியை விட்டு விலகினார். அவரோடு சேர்ந்து விலகியோருள் புதுமைப்பித்தனும் ஒருவர். ஆசிரியரிடம் கொண்ட பற்று, கிடைத்துவந்த மாதச் சம்பளத்தினும் பெரிதாயிற்று. 1944இல் சொக்கலிங்கம் தொடங்கிய ‘தினசரி’ இதழில் அவர் மீண்டும் சேர்ந்தார். போர்க்காலத் தாள் தட்டுப்பாடு இதழ்த் தொழிலையே வாட்டிய ஆண்டு அது. அவ்விதழிலும் அவர் நெடுநாள் நிலைக்கவில்லை.

இந்த அலுவலக வாழ்வு அவருடைய கதைகளில் படிந்திருப்பதைக் காண்பது கடினமன்று. ‘ஒரு நாள் கழிந்தது’ கதையில் வரும் முருகதாசர் பெரிய நாவல் ஒன்றை எழுதும் கனவு உடையவர். வயிற்றுக்காக விளம்பரம் எழுதுபவர். ஒரு சிறு தொகையைக் கடனாகப் பெறுவதில் அவருடைய பொழுது முழுதும் தேய்ந்துபோகிறது. 1943இல் வெளிவந்த ‘செல்லம்மாள்’ கதையின் பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஒரு ஜவுளிக் கடைச் சிப்பந்தி. உழைப்புக்கு உரிய ஊதியம் முழுதாய் அவர் கையில் நிற்பதில்லை. நோயாளி மனைவிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போகிறார். விடுப்புக் கேட்பதே ஒரு போராட்டம். முதலாளியை அரக்கனாகப் புதுமைப்பித்தன் வரைந்து காட்டவில்லை. அலுத்துக்கொள்ளவும் நேரமின்றித் தேய்ந்துபோகும் ஒரு மனிதரை நம் கண்முன் நிறுத்துகிறார். அந்தக் கடையின் கணக்கில் பிரமநாயகம் பிள்ளை ஒரு பற்று வரி. அவர் வீட்டிலோ ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே கதையில் வைத்துக்காட்டிய கலைஞன், தானும் சம்பள நாளை எண்ணிக் காத்திருந்தவன் என்பதை மறக்கலாகாது.

கணவர் சென்னையில் இருக்க, கமலா அம்மையார் பல காலம் திருவனந்தபுரத்தில் வாழ நேர்ந்தது. அவருக்குப் புதுமைப்பித்தன் எழுதிய கடிதங்கள் 1994இல் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற தலைப்பில் நூலாயின. இரு ஊர்களிலும் குடும்பம் நடத்த முடியாத ஒருவரின் வாழ்வை அக்கடிதங்களில் காண்கிறோம். அனுப்பவேண்டிய பணம், அனுப்ப இயலாத காரணம், விரைவில் அழைத்துக்கொள்வேன் என்ற உறுதி ஆகியவை அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. கமலா அம்மையாரும் சிறுகதை எழுதியவர். அலுவலகத்தில் நின்றுபோகும் சம்பளத்தின் சுமை இறுதியில் யார் தோளில் இறங்குகிறது என்பதற்கு அவருடைய தனிமையே சான்று.

நாளிதழை விட்டபின் திரைப்படத் துறை அவரை அழைத்தது. ‘அவ்வையார்’, ‘காமவல்லி’ ஆகிய படங்களின் எழுத்துப் பணியில் ஈடுபட்டார். பின்னர்த் தாமே ‘பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ்’ என்ற பெயரில் படநிறுவனம் தொடங்கி, ‘வசந்தவல்லி’ என்ற படத்தை எடுக்க முனைந்தார். முதலின்றித் தொடங்கிய அம்முயற்சி படமாக முடியவில்லை. பிறருடைய சிறு நிறுவனங்களின் குறைகளை உடலால் அனுபவித்தவர், தம் நிறுவனத்தை நடத்தும்போது அதே குழியில் விழுந்தார். இதை அவருடைய புகழுக்கு இழுக்காக நான் சொல்லவில்லை. நல்ல நோக்கமும் நல்ல கலையும் நல்ல நிருவாகத்துக்கு ஈடாகமாட்டா என்ற உண்மை அவருக்கும் விலக்கு அளிக்கவில்லை என்பதையே சுட்டுகிறேன்.

எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுதுவதற்காக அவர் புனே சென்றார். அங்கே காசநோய் முற்றியது. நலிந்த உடலோடு திருவனந்தபுரம் திரும்பி, 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் மறைந்தார். மகள் தினகரி அப்போது சிறு குழந்தை. குடும்பத்துக்காக நண்பர்களும் வாசகர்களும் நிதி திரட்டினர். 1951இல் நண்பர் தொ.மு.சி. ரகுநாதன் அவருடைய வரலாற்றை எழுதினார். 2002இல் தமிழ்நாடு அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. உரிய காலத்தில் கிடைக்காத கூலி, காலம் கடந்து மரியாதையாக வந்து சேர்ந்தது.

வறுமையில்தான் கலை விளையும் என்று சிலர் மேடைகளில் முழங்குவதைக் கேட்டிருக்கிறேன். புதுமைப்பித்தனையே அதற்குச் சான்றாகவும் காட்டுவர். அக்கூற்றை என்னால் ஏற்க இயலவில்லை. ஏறத்தாழ நூறு கதைகள் எழுதியவர் அவர். சம்பளம் ஒழுங்காகக் கிடைத்து, உடல்நலம் பேணி, இன்னும் இருபது ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் தமிழுக்கு என்னென்ன கிடைத்திருக்கும் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. அவர் எழுதியவை அந்த அலுவலகங்களின் கொடை அல்ல. அவற்றையும் மீறி அவர் மிச்சம் பிடித்தவை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். கல்லூரிப் பணி கிடைக்கும் முன் ஒரு சிறிய அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருந்தேன். நான்கு பேர் செய்யவேண்டிய வேலைக்கு இருவர் இருந்தோம். திருமண அழைப்பிதழ், சிமெண்டு லாரிகளுக்கான ரசீதுப் புத்தகம், கவிதை நூல் அனைத்தும் ஒரே மேசைக்கு வரும். தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. கேட்டபோது, தமிழ்மேல் பற்றுள்ளவர் பணத்தைப் பெரிதாக நினைக்கலாமா என்று விடை வந்தது. அந்தச் சொல்லுக்கு அன்று நான் நாணித் தலைகுனிந்தேன். புதுமைப்பித்தனின் வாழ்வை ஊன்றிக் கற்றபின்புதான், நாணவேண்டியவள் நானல்லள் என்று தெளிந்தேன். பற்று என்பது நாமாக விரும்பிக் கொடுப்பது. பிறர் அதைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ள உரிமையில்லை.

நம் வட்டமும் ஒருவகையில் சிறு நிறுவனமே. பத்தாண்டுகளாக நாற்காலி சுமந்தவர், அழைப்பிதழில் முகவரி எழுதியவர், கூட்டம் முடிந்தபின் அரங்கைப் பெருக்கிப் பூட்டியவர் எல்லாரும் பெரும்பாலும் அதே மூன்று நான்கு பேர்தாம். அவர்களுடைய பெயர்கள் சுவரொட்டியில் வந்ததில்லை. இம்மலரின் பக்கங்களை வடிவமைத்தவரும் அச்சிட்டுக் கட்டுபவரும் கூலிக்கு உழைப்பவர்கள். விழா மேடையில் பொன்னாடை போர்த்தும் முன்பே அச்சகக் கணக்கைத் தீர்த்துவிடுவோமாயின், புதுமைப்பித்தனுக்கு நாம் செய்யும் உண்மையான அஞ்சலி அதுவாகவே அமையும்.