பலூன் விற்றவர் டயர் ராஜா ஆனது எப்படி? திருவொற்றியூர் கொட்டகையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப் கதை

எண்ணூர் நெட்டுக்குப்பம் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதுசா இருக்காது. மீன் ஏத்த வந்த குட்டி யானை வண்டி மணலில் மாட்டிக்கும். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க பின் சக்கரம் சும்மா சுத்தி, குழி தோண்டுமே தவிர வண்டி நகராது. உடனே நாலு பேர் பின்னாடி ஏறி நிற்பார்கள். டயரில் கொஞ்சம் காத்தை இறக்குவார்கள். வண்டி கிளம்பிடும்.

அமெரிக்காவில் பல லட்சம் செலவு செய்து பழைய மசில் கார்களை டிராக் ரேஸுக்குத் தயார் செய்பவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்வதும் இதே பிரச்சினைக்காகத்தான். எஞ்சினில் எவ்வளவு சக்தி இருந்தாலும், தரையைத் தொடும் ரப்பர் பிடிக்கவில்லை என்றால் எல்லாம் வீண்.

அந்த ரப்பரை இந்தியாவிலேயே செய்யலாம் என்று நம்பி, வட சென்னையில் ஒரு கொட்டகையில் இருந்து தொடங்கியவர் கே.எம். மாம்மென் மாப்பிள்ளை. 2023 ஜூனில் ஒரே ஒரு பங்கின் விலை 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது என்று செய்தியில் பார்த்தோமே, அந்த எம்.ஆர்.எஃப் நிறுவனத்தைத் தொடங்கியவர். யார் இவர்?

*வசதியான வீடு, ஒரே ஆண்டில் எல்லாம் போனது*

மாம்மென் மாப்பிள்ளை பிறந்தது 1922-ல், கேரளத்தில். பெயரில் உள்ள மாப்பிள்ளை என்பது நாம் வீட்டில் கூப்பிடும் மாப்பிள்ளை இல்லை. கேரள சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களில் வழங்கும் மரியாதைப் பட்டம் அது.

அப்பா கே.சி. மாம்மென் மாப்பிள்ளை, மலையாள மனோரமா பத்திரிகையின் ஆசிரியர். வங்கித் தொழிலும் குடும்பத்துக்கு இருந்தது. ஆனால் 1938-ல் திருவிதாங்கூர் சமஸ்தான அரசுடன் ஏற்பட்ட மோதலில் எல்லாம் தலைகீழானது. பத்திரிகை அலுவலகத்துக்கு சீல் வைக்கப்பட்டது. டிராவன்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி மூடப்பட்டது. சொத்துகள் பறிபோயின. அப்பா சிறைக்குப் போனார்.

அப்போது மகனுக்குப் பதினைந்து வயதுதான். பிறகு படிக்க வந்த இடம் தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. வசதியாக வளர்ந்த பையன், கையில் காசு இல்லாமல் விடுதியில் தரையில் படுத்துத் தூங்கிய நாட்கள் உண்டு.

*1946: திருவொற்றியூரில் ஒரு கொட்டகை*

படிப்பு முடிந்தது, கல்யாணமும் ஆனது. வேலைக்குப் போவதற்குப் பதிலாக அவர் தேர்ந்தெடுத்தது பலூன் தொழில். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகை. பெரிய மெஷின் எதுவும் கிடையாது. ரப்பர் பாலில் இருந்து குழந்தைகள் விளையாடும் பலூன் தயாரானது. மனைவி குஞ்ஞம்மாவும் வேலையில் தோள் கொடுத்தார்.

செய்தால் போதுமா, விற்க வேண்டாமா? பலூன்களை ஒரு பையில் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு, சென்னைத் தெருக்களில் கடை கடையாக ஏறி இறங்கினார். பத்திரிகை முதலாளி வீட்டுப் பிள்ளை பலூன் விற்கிறானே என்று யார் என்ன நினைத்தாலும் அவர் கவலைப்படவில்லை. 1949-க்குள் ரப்பர் பொம்மை, கையுறை என்று பொருட்கள் கூடின. பாரிமுனை தம்புச் செட்டித் தெருவில் ஆபீஸும் வந்தது.

*திருப்புமுனை: மொட்டை டயர்*

1952-ல் அவர் கண்ணில் பட்டது டிரெட் ரப்பர். அது என்ன?

டயரில் தரையைத் தொடும் மேல் பகுதிதான் டிரெட். ஓடி ஓடி அது தேய்ந்து, டயர் மொட்டை ஆகிவிடும். உள்ளே இருக்கும் உடம்பு நல்லா இருந்தால் முழு டயரையும் தூக்கிப் போடத் தேவையில்லை. மேலே புதுசா ரப்பர் பட்டை ஒட்டி, சூடும் அழுத்தமும் கொடுத்து வேகவைத்தால் டயர் திரும்ப ஓடும். இதுதான் ரீட்ரேடிங். புது டயர் வாங்க முடியாத லாரி ஓனருக்கு அன்றைக்கும் இன்றைக்கும் இதுதான் உயிர்.

உறவினர் ஒருவரின் ரீட்ரேடிங் பட்டறைக்கு வெளிநாட்டு கம்பெனி ஒன்று இந்த ரப்பரை சப்ளை செய்வதை அவர் கவனித்தார். ரப்பர் நம்ம ஊர் மரத்தில் இருந்து வருது, நாமே ஏன் செய்யக்கூடாது என்பது அவர் கணக்கு. பலூனில் சம்பாதித்த மொத்தப் பணத்தையும் இதில் இறக்கினார்.

இது சின்ன ரிஸ்க் இல்லை. பலூன் வெடித்தால் குழந்தை அழும், அவ்வளவுதான். ஓடுகிற லாரியில் டிரெட் பிய்ந்தால் உயிர் போகும். தரம் கெட்டால் மறுநாள் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள். ஆனால் ஜெயித்தார். நாலே ஆண்டுகளில், 1956 வாக்கில், நாட்டின் டிரெட் ரப்பர் சந்தையில் பாதி எம்.ஆர்.எஃப் கையில். போட்டி போட்ட வெளிநாட்டு கம்பெனிகள் அந்தத் தொழிலில் இருந்து விலகின.

*டயருக்குள் குதித்தது எப்போது?*

டிரெட் வேறு, முழு டயர் வேறு. டயர் சந்தை அப்போது பன்னாட்டு நிறுவனங்களின் கோட்டை. 1961-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த மேன்ஸ்ஃபீல்டு டயர் அண்ட் ரப்பர் கம்பெனியுடன் கூட்டு வைத்து, அவர் டயர் தயாரிப்பில் இறங்கினார். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி பொதுப் பங்கு நிறுவனமாக மாறியதும் அதே ஆண்டுதான்.

ஆரம்பத்தில் சிக்கல். அமெரிக்க சாலைக்கு ஏற்ற தொழில்நுட்பம், நம்ம ஊர் வெயில், பள்ளம், ஓவர்லோடு மூன்றையும் சமாளிக்கத் திணறியது. கடன் வாங்கிய அறிவு போதாது என்று புரிந்தது. 1963-ல் திருவொற்றியூரில் ரப்பர் ஆராய்ச்சி மையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டியவர் பிரதமர் நேரு.

*மசில்மேனும் மசில் காரும்*

டயரைத் தூக்கிப் பிடிக்கும் அந்த மசில்மேன் படம் வந்தது 1964-ல். விளம்பர உலகின் பெரிய புள்ளி அலிக் பதம்சி, முதலில் லாரி டிரைவர்களிடம் டயர் எப்படி இருக்கணும் என்று விசாரித்தார். பலமா இருக்கணும் என்ற பதிலில் பிறந்தவர்தான் மசில்மேன்.

தற்செயல் பாருங்க, அதே 1964-ல்தான் அமெரிக்காவில் போன்டியாக் ஜி.டி.ஓ வந்து, மசில் கார் மோகத்தைக் கிளப்பியது. 1967 மாடலாக செவ்ரோலெட் கமாரோ வந்தது. அதே 1967-ல் அமெரிக்காவுக்கு டயர் ஏற்றுமதி செய்த முதல் இந்திய நிறுவனம் ஆனது எம்.ஆர்.எஃப். பலூன் பை தோளில் ஏறி 21 ஆண்டுகள்தான் ஆகியிருந்தது.

*சரி, அந்தக் கார்களுக்கு என்ன பிரச்சினை?*

டிராக் ரேஸ் என்பது கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர், நேர்க்கோட்டில் பறப்பது. முதல் சில மீட்டரில் பின் சக்கரம் சும்மா சுத்தினால் ரேஸ் போச்சு.

கமாரோ மாதிரி கார்களில் பின்னால் இருந்தது நம்ம லாரியில் பார்க்கும் பிளேட் ஸ்பிரிங்தான். எஞ்சின் வேகமாகத் திருப்பும்போது சக்கரம் முன்னோக்கிச் சுத்தும், அச்சு எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். பிளேட் வளைந்து, பிறகு சட்டென விடுபடும். சக்கரம் தவளை மாதிரி குதிக்கும். குதிக்கும் ஒவ்வொரு தடவையும் பிடிமானம் போகும். ஆரம்ப கமாரோக்களில் ஒற்றை பிளேட் என்பதால் தொல்லை கூடுதல்.

தீர்வு மூன்று. ஒன்று, அச்சு முறுக்காமல் தடுக்க ஸ்பிரிங்குக்குக் கீழே இரும்பு பார் பொருத்துவது. இரண்டு, கிளம்பும்போது கார் பின்னால் சாய்ந்து, எடை பின் சக்கரத்தில் இறங்கும்படி ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரை அமைப்பது. நெட்டுக்குப்பத்தில் நாலு பேர் ஏறி நிற்கும் அதே வேலை. மூன்று, டயர். மென்மையான ரப்பர், குறைவான காற்று, கிளம்பும் முன் சுத்தவிட்டுச் சூடாக்குவது.

முதல் இரண்டும் செய்து மூன்றாவதை விட்டால் பலன் இல்லை. காருக்கும் சாலைக்கும் நடுவில் இருப்பது ஒவ்வொரு சக்கரத்திலும் கிட்டத்தட்ட உள்ளங்கை அகல ரப்பர்தான்.

*கடைசிக் காலம்*

1973-ல் இந்தியாவில் நைலான் டயரை வணிக ரீதியில் முதலில் கொண்டுவந்தது எம்.ஆர்.எஃப். 1979-ல் மேன்ஸ்ஃபீல்டு பங்கு விலகியது. 1987-ல் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப் பேஸ் ஃபவுண்டேஷன், டென்னிஸ் லில்லியை வைத்து வேகப்பந்து வீச்சாளர்களை உருவாக்கியது. 1992-ல் பத்மஸ்ரீ. 2003 மார்ச்சில், 80 வயதில் மாம்மென் மாப்பிள்ளை சென்னையில் காலமானார்.

அதற்குப் பிறகு அந்த ரப்பர் பந்தயத்திலும் பேர் வாங்கியது. எம்.ஆர்.எஃப் அணிக்காக ஓட்டிய கௌரவ் கில் ஆசிய பசிபிக் ராலி சாம்பியன் ஆனார். 2022-ல் ஐரோப்பிய ராலி சாம்பியன் பட்டத்தை ஸ்பெயின் வீரர் எஃப்ரென் யரேனா வென்றதும் எம்.ஆர்.எஃப் டயரில்தான்.

*நமக்கு என்ன பாடம்?*

ராத்திரி எண்ணூர் நெடுஞ்சாலையில் பைக் ரேஸ் விடும் தம்பிகள் ஒன்றை யோசிக்கணும். மணலும் எண்ணெயும் சிந்திக் கிடக்கும் ரோட்டில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், மொட்டை டயரோடு பறந்தால் எந்த எஞ்சினும் காப்பாற்றாது. வேகம் பார்க்கணும்னா இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் இருக்கு.

மற்றவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. வண்டி டயரைக் குனிந்து பாருங்க. பள்ளத்துக்கு நடுவில் சின்ன மேடு மாதிரி தேய்மான அடையாளம் இருக்கும். ரப்பர் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்தாச்சு. எழுபது ஆண்டுக்கு முன்னால் பலூன் காசு மொத்தத்தையும் ஒருத்தர் பணயம் வைத்தது அந்தச் சில மில்லிமீட்டர் ரப்பருக்காகத்தான்.