சுருதிக்காக வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர்



ஞாயிறு திருப்பலியில் நம் பாடகர் குழுவைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். மைக்கின் முன் நின்று பாடுகிறவர்களை எல்லோருக்கும் தெரியும். கீபோர்டு வாசிப்பவரையும் தெரியும். தபேலாவோ டிரம் பேடோ வாசிக்கும் தம்பியைச் சிறு பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் ஓர் ஓரத்தில், நீண்ட கழுத்துள்ள நான்கு தந்திக் கிட்டாரை மாட்டிக்கொண்டு அமைதியாக நிற்கும் இளைஞனை யார் கவனிக்கிறார்கள்? அவன் வாசிப்பது பேஸ் கிட்டார். அதன் ஒலி தனியாக நம் காதில் விழுவதில்லை. ஆனால் அவன் ஒரு வாரம் வராவிட்டால் பாட்டு ஏதோ அந்தரத்தில் தொங்குவது போல் இருக்கும். என்ன குறை என்று சொல்லத் தெரியாது. ஆனால் குறை இருப்பது தெரியும்.

யாரும் கவனிக்காத இந்தப் பணி தேவைதானா என்று சில இளைஞர்கள் சலித்துக்கொள்வது உண்டு. ஒரு சில மாதங்களில் குழுவை விட்டே விலகிவிடுபவர்களும் உண்டு. அவர்களை மனதில் கொண்டுதான் இன்று ஒரு பெரியவரின் வாழ்க்கையைச் சிந்திக்க உங்களை அழைக்கிறேன். அவர் பேஸ் கிட்டாரைக் கண்டவர் அல்லர். அந்தக் கருவி இன்றைய வடிவில் கடைக்கு வந்தது 1951இல், அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் செய்து விற்றபோதுதான். நம் பெரியவரோ 1919இலேயே இறைவனடி சேர்ந்துவிட்டார். ஆனாலும் அந்த இளைஞன் தன் விரலை வைக்கும் ஒவ்வொரு இடமும் அவர் பல ஆண்டுகள் கணக்குப் போட்டுப் பார்த்த இடம். அவர்தாம் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்.

தஞ்சை என்று பெயரோடு ஒட்டிக்கொண்டாலும் அவர் நம் மண்ணின் மைந்தர். சங்கரன்கோவிலிலிருந்து வீரசிகாமணி, சேர்ந்தமரம் வழியாகச் சுரண்டைக்குச் சென்று, அங்கிருந்து தென்காசி நோக்கிப் போனால் வரும் ஊர் சாம்பவர்வடகரை. அன்று திருநெல்வேலிச் சீமையிலும் இன்று தென்காசி மாவட்டத்திலும் அடங்கிய அந்த ஊரில் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் முத்துசாமி – அன்னம்மாள் தம்பதியருக்குப் பிறந்தார். புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்த எளிய குடும்பம். மறைபரப்பாளர்கள் நடத்திய பள்ளியில் படித்தார். பிறகு ஆசிரியர் பயிற்சிக்காகத் திண்டுக்கல் சென்றார். படிக்கப் போன இடத்தில் வேறொன்றும் அவரைப் பிடித்துக்கொண்டது. அதுதான் இசை. சடையாண்டி பத்தர் என்பவரிடம் வயலின் கற்றார்.

சித்த மருத்துவத்திலும் அவருக்கு நாட்டம் இருந்தது. மூலிகை தேடிச் சுருளிமலைக்குச் சென்றார். அங்கே கருணானந்தர் என்னும் முனிவரைச் சந்தித்து அவரிடம் மருத்துவம் கற்றார். அந்தக் குருவின் பெயரைப் பண்டிதர் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. தாம் செய்த மருந்துகளுக்கும் வாங்கிய தோட்டத்துக்கும் அவர் பெயரையே வைத்தார். பின்னாளில் எழுதிய பெரிய நூலின் தலைப்பிலும் கருணை என்ற சொல் இருக்கிறது. நன்றி மறவாத மனம் அது.

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அடுத்த ஆண்டு இருவரும் தஞ்சாவூர் சென்று லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றனர். 1890இல் அந்தப் பணியை விட்டுவிட்டு முழுநேர மருத்துவரானார். அவருடைய மருந்துகள் தமிழ்நாட்டில் மட்டுமல்ல, கடல் கடந்தும் விற்பனையாயின. பணம் வந்தது. தஞ்சாவூருக்கு வெளியே பெரிய நிலம் வாங்கி மூலிகைகளும் பயிர்களும் வளர்த்தார். கருணானந்தபுரம் என்று அவர் பெயரிட்ட அந்த இடத்தை மக்கள் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தார்கள். 1909இல் ஆங்கில அரசு அவருக்கு ராவ் சாகிப் பட்டம் அளித்தது.

இங்கே சற்று நின்று யோசிப்போம். புகழ் வந்துவிட்டது. செல்வம் வந்துவிட்டது. பட்டமும் வந்துவிட்டது. நம்மில் பலர் இத்தோடு நிறைவடைந்துவிடுவோம். ஆனால் பண்டிதரின் உள்ளத்தில் ஒரு கேள்வி உறங்காமல் இருந்தது. நாம் பாடுகிற சுரங்கள் சரியாக எந்த இடத்தில் நிற்கின்றன என்பதே அந்தக் கேள்வி.

சுருதி என்ற சொல்லுக்கு நம்மிடையே இரண்டு பொருள் உண்டு. பாடத் தொடங்குமுன் சுருதி சேர்த்துக்கொள் என்கிறோமே, அது அடிப்படை ஒலி. எல்லாக் குரலும் அதன்மேல்தான் நிற்க வேண்டும். மற்றொரு பொருள், ஒரு சட்ஜத்துக்கும் மேல் சட்ஜத்துக்கும் இடையே உள்ள நுண்ணிய படிகள். அந்தப் படிகள் 22 என்று சாரங்கதேவரின் சங்கீத ரத்னாகரம் வழியே நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. பண்டிதர் அதை அப்படியே ஏற்கவில்லை. வாசித்துப் பார்த்தார், அளந்து பார்த்தார், கணக்கிட்டுப் பார்த்தார். 1892இல் உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சிட்டு வெளியிட்டிருந்தார். அதன் அரங்கேற்று காதையையும் ஆய்ச்சியர் குரவையையும் அடியார்க்குநல்லார் உரையையும் பண்டிதர் ஆழ்ந்து படித்தார். ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை என்ற பழந்தமிழர் முறைகளை ஆராய்ந்தார். ஆயப்பாலையில் 12 சமமான படிகள், வட்டப்பாலையில் 24 சமமான படிகள் என்பது அவர் கண்ட முடிவு.

இது பண்டிதர்கள் பேசும் பேச்சு, நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். நம் பாடகர் குழுவில் உள்ள பேஸ் கிட்டாரை எடுத்துப் பாருங்கள். அதன் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை ஃப்ரெட் என்கிறோம். வீணையில் அவற்றுக்கு மெட்டு என்று பெயர். வீணையில் 24 மெட்டுகள். அதாவது ஒரு தாயிக்கு 12 வீதம் இரண்டு தாயிக்கு. கிட்டாரிலும் ஒரு தாயிக்கு 12 ஃப்ரெட்தான். 12ஆவது ஃப்ரெட் சரியாகத் தந்தியின் நடுவில் இருக்கும். ஒவ்வொரு ஃப்ரெட்டும், மீதமுள்ள தந்தியில் ஏறக்குறைய 18இல் 1 பங்கைக் குறைக்கிறது. அதனால்தான் தலைப்பக்கம் இடைவெளி அகலமாகவும் உடற்பக்கம் நெருக்கமாகவும் இருக்கிறது. ஒரே விகிதத்தில் 12 படிகள். ஆயப்பாலைக்குப் பண்டிதர் சொன்ன பிரிப்பும் இதுவே. மேலைநாட்டார் தம் வழியில் வந்து சேர்ந்த கணக்கை, பழந்தமிழ் நூலில் தேடிப் போனார் நம் சாம்பவர்வடகரைக்காரர்.

தேடியதைத் தமக்குள் வைத்துக்கொள்ளவும் இல்லை. தெலுங்குக் கீர்த்தனைகளே பெரிதும் கற்பிக்கப்பட்ட அந்தக் காலத்தில், பொருள் புரிந்து பாட வேண்டும் என்பதற்காகத் தமிழில் 96 பாடல்கள் இயற்றிச் சுரக் குறிப்போடு 1907இல் கருணாமிர்த சாகரத் திரட்டு என்ற பெயரில் வெளியிட்டார். இறைபுகழ்ச்சியும் வேண்டுதலும் நிறைந்த பாடல்கள் அவை. 1912ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் தஞ்சாவூரில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். அடுத்தடுத்து இசை மாநாடுகளைக் கூட்டினார். சாதியும் சமயமும் பாராமல் இசை அறிந்தவர்களை அழைத்தார். செலவு முழுவதையும் தாமே ஏற்றார். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துச் சேர்த்த பணம் இசைக்காகக் கரைந்தது.

1916 மார்ச்சில் பரோடா மன்னர் ஆதரவில் அகில இந்திய இசை மாநாடு நடந்தது. பண்டிதர் தம் குடும்பத்துப் பெண்களை வீணையுடன் அழைத்துச் சென்றார். தம் கொள்கையை வாயால் மட்டும் சொல்லாமல், அவர்களைப் பாடவும் வாசிக்கவும் செய்து மெய்ப்பித்துக் காட்ட முயன்றார். பெண்கள் சபையில் வீணையோடு அமர்வதே அரிதாக இருந்த காலம் அது என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். எல்லா அறிஞர்களும் அவர் முடிவை ஏற்றுக்கொள்ளவில்லை. 22 சுருதி என்பதில் உறுதியாக நின்றவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் எதிர்ப்பு வந்தது என்று அவர் மனம் சோர்ந்து உட்காரவில்லை. ஊர் திரும்பி எழுதினார். தஞ்சையில் தாம் நிறுவிய லாலி மின் அச்சகத்தில் அச்சிட்டு 1917இல் கருணாமிர்த சாகரம் நூலை வெளியிட்டார். 1,300 பக்கங்களைத் தாண்டிய பெருநூல் அது. தமிழிசையை ஆராய்கிற எவரும் இன்றும் அதைத் தொடாமல் போக முடியாது.

இரண்டு ஆண்டுகளில், 1919 ஆகஸ்டு 31ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் நேசித்த தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் எழுதி வைத்திருந்த இரண்டாம் பகுதி 1946இல்தான் நூலாக வந்தது. மகன் வரகுணபாண்டியன் யாழ் பற்றிப் பாணர் கைவழி என்ற நூலை எழுதித் தந்தையின் பாதையில் நடந்தார்.

அன்புக்குரியவர்களே, இவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லவே என்று யாரும் கேட்கலாம். நல்லதை நல்லது என்று ஏற்கவும், பிற சபைச் சகோதரர்களிடம் தூய ஆவியார் செய்யும் செயல்களை மதிக்கவும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. பண்டிதர் வாழ்ந்த அதே காலத்தில் நம் திருச்சபையும் ஆலய இசை பற்றிக் கவலைப்பட்டது. 1903 நவம்பர் 22, இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளன்று, திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திரு இசை பற்றிய ஆணை ஒன்றை வெளியிட்டார். நாடக மேடையின் பகட்டு ஆலயத்துக்குள் நுழையக் கூடாது என்பதற்காகப் பியானோவையும் ஆரவாரமான முழக்குக் கருவிகளையும் அவர் தடை செய்தார். 60 ஆண்டுகள் கழித்து, 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியான திருவழிபாடு பற்றிய சங்க ஏடு, ஆர்கனுக்குரிய பெருமதிப்பைக் காத்துக்கொண்டே, வழிபாட்டின் புனிதத்துக்குப் பொருந்தும் பிற கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. அந்தந்த மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய இடம் கொடுக்கவும் பணித்தது. இன்று நம் பீடத்தருகே தபேலாவும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து ஒலிப்பது அந்தத் திறந்த கதவினால்தான்.

ஆகவே ஆர்மோனியமா கிட்டாரா, பழைய மெட்டா புதிய மெட்டா என்று நம் பங்குகளில் நடக்கும் சச்சரவுகள் தேவையற்றவை. எந்தக் கருவி என்பதைவிட, அது மக்களின் செபத்துக்குத் துணை நிற்கிறதா என்பதே முக்கியம். பேஸ் கிட்டாரின் ஸ்பீக்கர் அதிர்ந்து, பாட்டியம்மாவின் குரல் அவருக்கே கேட்காமல் போனால் அது துணை அல்ல. நன்மை வாங்கிய பின் வரும் அமைதியில் ஒரு தந்தியும் அசையாமல் இருக்கத் தெரிந்தால் அதுவும் இசைத் தொண்டுதான்.

பண்டிதரின் வாழ்விலிருந்து நம் பாடகர் குழுவினர் மூன்று காரியங்களை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, துல்லியம். இறைவனுக்குக் கொடுப்பதைத் தோராயமாகக் கொடுக்கக் கூடாது. திருப்பலி தொடங்கிய பிறகு தந்தியை முறுக்கிக்கொண்டிருக்காமல், அரை மணி நேரம் முன்னரே வந்து சுருதி சேர்த்துக்கொள்வது ஓர் ஆன்மீக முயற்சி. இரண்டாவது, தாராளம். அவர் தம் சம்பாத்தியத்தைக் கொடுத்தார். நாம் சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் பயிற்சிக்குக் கொடுக்கக் கூடாதா? மூன்றாவது, கைதட்டலை எதிர்பாராத உழைப்பு. வீட்டைப் பார்க்கிறவர்கள் சுவரின் வண்ணத்தைப் புகழ்வார்கள். அஸ்திவாரத்தை யார் புகழ்கிறார்கள்? உடலில் வலுவற்றதாகத் தோன்றும் உறுப்பே இன்றியமையாதது என்று புனித பவுல் கொரிந்து நகர மக்களுக்கு விளக்கியது பாடகர் குழுவுக்கும் பொருந்தும்.

பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி, சாதாரணக் கிட்டாரின் தடித்த தந்தியைவிட ஒரு தாயி கீழே ஒலிக்கிறது. கீழே இறங்கி நிற்பதால்தான் அது மற்றவர்களைத் தாங்குகிறது. நமக்காகத் தம்மைத் தாழ்த்திக்கொண்ட ஆண்டவரைப் பின்பற்றுகிற நமக்கு இது புதிய பாடம் அல்ல.

ஓரத்தில் நிற்கும் அந்த இளைஞனிடம் அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். தம்பி, நீ வாசித்தது நன்றாக இருந்தது என்று சொன்னால் போதும். சாம்பவர்வடகரையில் பிறந்த ஒரு பிள்ளை திண்டுக்கல்லில் கையில் வயலினை எடுத்ததால், தமிழிசைக்கு ஒரு கடல் கிடைத்தது. நம் பங்குப் பிள்ளைகளின் கைகளில் இறைவன் என்ன வைத்திருக்கிறார் என்பது யாருக்குத் தெரியும்? அந்தக் கைகளை ஆசீர்வதிக்க ஆண்டவரை வேண்டுவோம். சுருதி சேர்ந்த ஒரே குடும்பமாக அவரைப் புகழ்வோம்.