பற்றற்ற பெருந்தலைவர் காமராசர்

பதவி வருங்கால் மகிழ்வோர் உலகில் பலர். பதவி கையில் இருக்கும்போதே தாமாக அதனை விட்டு விலகுவோர் மிகச் சிலர். அச்சிலருள் வைத்து எண்ணத்தக்கவர் விருதுநகர் தந்த பெருந்தலைவர் காமராசர் ஆவார்.

அவர் 1903ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள், அந்நாளில் விருதுபட்டி என வழங்கிய விருதுநகரில், குமாரசாமி - சிவகாமி அம்மையார் இணையருக்கு மகனாகத் தோன்றினார். இளமையிலேயே தந்தையை இழந்தமையால் ஆறாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்றது. மாமனின் துணிக்கடையில் அமர்ந்தார். வணிகமே உயிர்நாடியான ஊர் அது. கடையிலேயே மனம் ஊன்றியிருப்பின் அவர் வளமான வணிகராய் வாழ்ந்திருக்கக் கூடும்.

1919இல் அமிர்தசரசு நகரின் ஜாலியன்வாலாபாக் திடலில் நடந்த படுகொலைச் செய்தி அவர் உள்ளத்தை உலுக்கிற்று. பதினாறு வயதும் நிரம்பாத அச்சிறுவர் பேராயக் கட்சியின் கூட்டங்களை நாடிச் செல்லலானார். அவரது எண்ணத்தை மாற்றக் கருதிய உறவினர் திருவனந்தபுரத்து மரக்கடைக்கு அனுப்பி வைத்தனர். பயன் விளையவில்லை. 1924இல் வைக்கம் அறப்போரிலும் அவர் கலந்துகொண்டார்.

1930ஆம் ஆண்டு இராசாசி தலைமையில் நடந்த வேதாரணிய உப்பு அறப்போரில் ஈடுபட்டு ஈராண்டுத் தண்டனை பெற்றார். வங்காளத்து அலிப்பூர்ச் சிறையில் அடைக்கப்பெற்ற அவர், காந்தி - இர்வின் உடன்படிக்கையின் பயனாக 1931இல் விடுதலையானார்.

பின்னாளில் பட்டாசுத் தொழிலால் பெயர்பெற்ற சிவகாசி வட்டாரத்தில் 1933இல் ஒரு வியப்பான நிகழ்ச்சி நடந்தது. விருதுநகர் அஞ்சலகத்தில் வெடிகுண்டு வீசப்பட்டதைக் காரணம் காட்டி, காந்தியடிகளின் கொல்லாமை நெறியில் நின்ற காமராசரையும் ஆங்கில அரசு வழக்கில் சேர்த்தது. வரதராசுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் அவருக்காக வாதாடினர். குற்றம் மெய்ப்பிக்கப்படாமையால் அவர் விடுவிக்கப்பட்டார்.

1940இல் தமிழ்நாட்டுப் பேராயக் கட்சியின் தலைவரானார். தனிநபர் அறப்போர் குறித்துக் காந்தியடிகளைக் காண வார்தாவுக்குச் செல்லும் வழியில் குண்டூரில் கைதாகி, வேலூர்ச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் சிறைக்குள் இருந்தபோதே, 1941இல் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி ஊர் திரும்பியவுடன் அப்பதவியைத் துறந்தார். முழுமையாகக் கடமையாற்ற இயலாத பதவியில் அமர்ந்திருத்தல் முறையன்று என்பது அவர் கருத்து.

1942 ஆகஸ்டு 8ஆம் நாள் பம்பாயில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறிற்று. தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். அக்கூட்டத்திலிருந்து திரும்பிய காமராசர் காவலரின் கண்ணில் படாமல் அரக்கோணத்தில் இரயிலை விட்டு இறங்கினார். நம்மவர் பலர் வாழும் ஆர்க்காட்டுப் பகுதியைச் சேர்ந்த இராணிப்பேட்டைக்கு முதலில் சென்றார். பின்னர்த் தஞ்சை, திருச்சி, மதுரை முதலிய ஊர்களில் தொண்டர்களுக்கு ஆற்ற வேண்டிய பணிகளை எடுத்துரைத்தார். பணி முடிந்ததும் விருதுநகரை அடைந்து, காவல் துறையினருக்குத் தாமே செய்தி அனுப்பிக் கைதானார். மூன்றாண்டுச் சிறைவாசம் 1945இல் முடிந்தது. விடுதலைப் போரில் அவர் சிறையில் கழித்த காலம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளாகும்.

1947இல் நாடு விடுதலை பெற்றது. 1954 ஏப்பிரல் 13ஆம் நாள் காமராசர் சென்னை மாநில முதலமைச்சரானார். மூடப்பட்டிருந்த பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டன. பள்ளியில்லாத சிற்றூர்களுக்குப் புதிய பள்ளிகள் வந்தன. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. ஆறாம் வகுப்போடு தம் கல்வியை இழந்தவர், அவ்விழப்பு ஏழைப் பிள்ளைகளுக்கு நேராவண்ணம் காத்தார். அந்நாளில் தொடக்கப்பள்ளி மாணவியாய் இருந்து, பின்னர் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பணியாற்றிய யான் இதன் பயனைக் கண்கூடாக அறிவேன். உணவின்பொருட்டுப் பள்ளிக்கு வந்த குழந்தைகள் பலர் எழுத்தறிவோடு திரும்பினர். அவர்தம் மக்களே பிற்காலத்தில் என் வகுப்பறைகளில் அமர்ந்து உயர்கல்வி நோக்கி நடந்தனர்.

ஒன்பதாண்டு ஆட்சிக்குப் பின், 1963 அக்டோபர் 2ஆம் நாள் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். மூத்த தலைவர்கள் பதவி துறந்து கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் எனத் திட்டம் வகுத்தவர், அதனைத் தம்மிடமிருந்தே தொடங்கினார். பின்னர் அகில இந்தியத் தலைவராகி, 1964இலும் 1966இலும் பிரதமரைத் தேர்வு செய்வதில் முதன்மைப் பங்காற்றினார். அப்பதவியைத் தாம் நாடவில்லை. 1967 தேர்தலில் பிறந்த ஊரிலேயே இளைஞர் ஒருவரிடம் தோற்றார். மக்கள் தீர்ப்பை மனமாற ஏற்றார்.

திருமணம் செய்துகொள்ளாத அவர், முதலமைச்சரானபோதும் அன்னையைச் சென்னைக்கு அழைத்து வைத்துக்கொள்ளவில்லை. சிவகாமி அம்மையார் விருதுநகரின் எளிய வீட்டிலேயே வாழ்ந்தார். மகனின் துறவுக்கு அத்தாய் கொடுத்த விலையையும் நாம் மறத்தலாகாது.

1975இல், காந்தியடிகள் பிறந்த நாளாகிய அக்டோபர் 2ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் விட்டுச் சென்றவை சில உடைகளும் நூல்களும் சிறிது பணமுமே. சென்னையில் அவர் வாழ்ந்த வீடும் வாடகை வீடே. மறு ஆண்டு பாரத ரத்னா விருது அளிக்கப்பெற்றது.

மிகுபொருள் விரும்பாமை இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் ஒன்று என்பதை நாம் அறிவோம். பொருளைத் துறத்தலினும் புகழும் அதிகாரமும் துறத்தல் அரிது. அவ்வரிய செயலை அரசியலின் நடுவே நின்று செய்து காட்டியவர் காமராசர். விருதுநகர் வழியே செல்வோர், நினைவில்லமாய் விளங்கும் அவ்வீட்டுக்குத் தம் பிள்ளைகளை அழைத்துச் செல்க. அவ்வீட்டின் எளிமையை அவர்கள் கண்ணாரக் காணட்டும்.