பனியைப் படித்த அறிஞர் ஹென்றி பிளான்போர்டு

பனி என்றால் நமக்கு மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளிதான். பனியாறும் பனிப்படலமும் வியாசர்பாடியில் வளர்ந்த நாம் பாடநூலில் படமாக மட்டுமே கண்டவை. அக்கினி நட்சத்திர வெயிலில் தார்ச்சாலை இளகும் ஊரில் இருந்துகொண்டு, பனி ஆராய்ச்சி என்பது குளிர்நாட்டார் வேலை என்று நாம் எண்ணுவது இயல்பே. ஆயினும் பனியைப் பற்றிய இரண்டு பெருங்கேள்விகள் நம் நாட்டு மண்ணிலேயே எழுந்தன. வெப்ப மண்டலமான இந்தியாவில் முன்னொரு காலத்தில் பனி உறைந்து கிடந்ததா என்பது ஒன்று. இமயத்தின் உச்சியில் விழும் பனி சமவெளி உழவனுக்கு வரவேண்டிய மழையைத் தடுக்குமா என்பது மற்றொன்று. இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தேடும் பேறு ஒரே மனிதருக்கு வாய்த்தது. அவரே இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு. அவரது வாழ்வையும் பணியையும் சுருக்கமாகக் காண்போம்.

இளமையும் கல்வியும்

பிளான்போர்டு 1834ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 3ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். அவருக்கு இரண்டு வயது மூத்தவர் வில்லியம் தாமஸ் பிளான்போர்டு. உடன்பிறந்த இருவரும் லண்டனில் அப்போதுதான் தொடங்கப்பெற்றிருந்த அரசச் சுரங்கக் கல்லூரியில் பயின்றனர். பின்னர் ஜெர்மனியின் பிரைபெர்க் நகரிலுள்ள புகழ்வாய்ந்த சுரங்கக் கழகத்திலும் கற்றனர். கல்வி முடிந்ததும் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருவருக்கும் வேலை கிடைத்தது. 1855ஆம் ஆண்டு அண்ணனும் தம்பியும் கல்கத்தா வந்து இறங்கினர். அப்போது ஹென்றிக்கு வயது 21.

தால்ச்சேர் காட்டிய அதிசயம்

புதியவர்களுக்குக் கிடைத்த முதற்பணி ஒரிசாவின் தால்ச்சேர் பகுதியில் நிலக்கரி தேடுவது. ஆங்கில ஆட்சிக்கு வேண்டியது கரி. அவர்கள் கண்டது அதனினும் வியப்பான ஒன்று. நிலக்கரி அடுக்குகளுக்கும் கீழே, மென்மையான வண்டலுக்கு நடுவில் பெரும் பெரும் உருண்டைப் பாறைகள் புதைந்து கிடந்தன.

இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். ஓடும் நீரின் இயல்பை எண்ணிப் பார்த்தால் புதுமை விளங்கும். பெரும்பாறையை உருட்டிச் செல்ல வேண்டுமானால் வெள்ளம் மிக விரைந்து ஓட வேண்டும். அவ்வளவு விரைவில் ஓடும் வெள்ளம் நுண்ணிய வண்டலைப் படிய விடாது, அடித்துக்கொண்டு போய்விடும். வண்டல் படிய வேண்டுமானால் நீர் அமைதியாக நிற்க வேண்டும். அமைதியான நீரோ பாறையைச் சுமக்க மாட்டாது. அங்ஙனமாயின் பாறையும் வண்டலும் ஒரே இடத்தில் எவ்வாறு சேர்ந்தன? இதற்குப் பொருந்தும் விடை ஒன்றுதான். பனிக்கட்டி பாறையைத் தன்னுள் பிடித்துக்கொண்டு மிதந்து வந்தது. உருகியபோது அமைதியான நீரின் அடியில் அதனை நழுவ விட்டது.

பிளான்போர்டு சகோதரர்களும் உடன் பணியாற்றிய தியோபால்டும் 1856ஆம் ஆண்டு இக்கருத்தை வெளியிட்டனர். உலகில் பனியூழி ஒன்று இருந்தது என்ற கொள்கையையே லூயி அகாசி முதலிய ஐரோப்பிய அறிஞர்கள் எடுத்துரைத்து அப்போது 20 ஆண்டுகளே ஆகியிருந்தன. ஐரோப்பாவில் பனி கிடந்தது என்பதே விவாதத்துக்கு இடமாயிருந்த காலத்தில், கடகரேகைக்கும் தெற்கே, வெயில் கொளுத்தும் ஒரிசாவில் பனி இருந்தது என்று 22 வயது இளைஞர் சொன்னால் யார்தாம் எளிதில் நம்புவர்? ஆயினும் சான்றுகள் தொடர்ந்து கிடைத்தன. 1870களில் பெட்டன் என்ற நிலவியலார் இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தின் சந்திரபூர் பகுதியில், நகர்ந்து சென்ற பனி தேய்த்துப் பளபளப்பாக்கிக் கீறல் இட்ட பாறைத் தளத்தையே கண்டு எழுதினார். தால்ச்சேர்ப் பாறைகள் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பது இன்று நாம் அறிந்த செய்தி.

திருச்சிராப்பள்ளி மண்ணில்

அடுத்து அவர் தமிழ்நாட்டுக்கு வந்தார். 1850களின் பிற்பகுதியில் திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களின் பாறைகளை ஊர் ஊராகச் சென்று ஆய்ந்தார். கடல்வாழ் உயிர்களின் கல்லுருக்கள் மலிந்த அப்பாறைகளை ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என மூன்றாக வகுத்தார். அவரது அறிக்கை 1862ஆம் ஆண்டு வெளியாயிற்று. நிலவியல் படிக்கும் மாணவர் இன்றும் இப்பெயர்களைக் கொண்டே அப்பாறைகளைக் கற்கின்றனர். தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயர் உலக நிலவியல் நூல்களில் ஏறியது அவர் பணியால் அன்றோ!

வெயிலிலும் காட்டிலும் அலைந்த வாழ்க்கை அவர் உடல்நலத்தைக் கெடுத்தது. எனவே 1862இல் ஆய்வுத் துறையை விட்டு, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியப் பள்ளி மாணவர்க்கென இயற்கைப் புவியியல் பாடநூல் ஒன்றும் எழுதினார். ஆசிரியப் பணியிலும் அவருக்குப் பழைய பாறைகள் மறக்கவில்லை. 1875ஆம் ஆண்டு லண்டன் நிலவியல் கழக இதழில் அவர் எழுதிய கட்டுரை இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் தொல்தாவரங்களையும் உருண்டைப் பாறைகளையும் ஒப்பிட்டு, இவை ஒருகாலத்தில் நிலத்தால் இணைந்திருந்தன என்று வாதிட்டது. லெமூரியா என்ற பெயர் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. 1864இல் ஸ்கிளேட்டர் என்பவர் இட்ட பெயர் அது. பிளான்போர்டும் அக்காலத்தார் போலவே இடைநிலம் கடலில் மூழ்கியது என்றே கருதினார். நிலம் மூழ்கவில்லை, கண்டங்களே பிரிந்து நகர்ந்தன என்று ஜெர்மானிய அறிஞர் வெகனர் 1912இல் சொன்னார். அவர் காட்டிய சான்றுகளில் இந்தியா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளின் பழம்பனித் தடயங்கள் தலையாயவை. பிளான்போர்டு கண்ட காரணம் நிலைக்கவில்லை. அவர் எழுப்பிய கேள்வி நிலைத்தது. பனி உறைந்த காலத்தில் இந்தியா தென்துருவத்தை ஒட்டி அண்டார்டிகாவோடு சேர்ந்திருந்தது என்பதே இன்றைய முடிவு.

பஞ்சமும் வானிலையும்

பாறையை ஆராய்ந்தவர் வானத்தை நோக்கித் திரும்பியதற்கு ஒரு பெரும்புயல் காரணமாயிற்று. 1864ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிப் பல்லாயிரம் உயிர்களைப் பலிகொண்ட அப்புயலைப் பற்றி அறிக்கை எழுதும் பொறுப்பு அவருக்கும் காஸ்ட்ரெல் என்ற அதிகாரிக்கும் வந்தது. பின்னர் வங்காள மாநில வானிலை அறிக்கையாளரானார். 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டபோது நாடு முழுமைக்கும் அவரே தலைவரானார். மாநிலத்துக்கு ஒரு முறையாக இருந்த வெப்பமானி, காற்றழுத்தமானிக் கணக்குகளை ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவந்ததே அவரது முதற்பணி.

பதவி ஏற்ற மறு ஆண்டே தென்னாட்டில் மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பெரும்பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்றனர். இந்தியாவில் அப்போது 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. மழை பொய்த்தது மட்டுமே இதற்குக் காரணமன்று. மக்கள் பட்டினி கிடக்கையிலும் நாட்டிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. நிவாரண வேலை செய்தவர்க்குக் கூலி நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் எனக் குறைக்கப்பட்டது.

அப்பஞ்சத்தின் தழும்பு நம் நகரத்திலேயே இருக்கிறது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்க் கால்வாய் 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாகப் பசித்த மக்களின் கையால் வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய் முழுமைக்கும் வழங்கலாயிற்று. பேசின் பாலம், கொருக்குப்பேட்டை வழியே எண்ணூர் நோக்கிச் செல்லும் வடபகுதி அதற்கும் முந்தியது. எனினும் பெயர் ஒன்றே. மண்வெட்டி பிடித்தவர் எவர் பெயரும் அதில் இல்லை.

இமயப் பனியும் பருவமழையும்

மழை பொய்க்கும் என்பதை முன்கூட்டியே அறிய இயலாதா? பஞ்சத்துக்குப் பின் ஆட்சியாளர் பிளான்போர்டிடம் வைத்த கேள்வி இதுவே. அவர் பார்வை வடக்கே இமயமலைக்குச் சென்றது. மலைநாட்டிலிருந்து வந்த பனிப்பொழிவுச் செய்திகளை ஆண்டுதோறும் தொகுத்து, சமவெளி மழைக்கணக்கோடு ஒப்பிட்டார். மேற்கு இமயத்தில் குளிர்காலத்தின் பிற்பகுதியிலும் இளவேனிலிலும் பனி மிகுதியாக விழுந்த ஆண்டுகளில், வடமேற்கிலிருந்து வறண்ட காற்று வீசிப் பருவமழையைத் தாமதப்படுத்தக் கண்டார். இதற்குக் காரணமும் சொன்னார். பனி மூடிய நிலம் எளிதில் சூடேறாது. பனியை உருக்குவதிலேயே வெயிலின் பெரும்பகுதி செலவாகிவிடும். நிலம் காய்ந்து சூடானால்தான் கடற்காற்று ஈரத்தோடு உள்ளே வரும். சூடேறத் தாமதமானால் மழையும் தாமதமாகும். இக்கருத்தை 1884ஆம் ஆண்டு லண்டன் அரசக் கழகத்தில் வெளியிட்டார். அக்கழகம் 1880லேயே அவரை உறுப்பினராக ஏற்றிருந்தது.

கருத்தைச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. 1882 முதல் 1885 வரை இமயப் பனியை அடிப்படையாகக் கொண்டு சோதனை முறையில் மழை அறிவிப்புகள் தயாரித்துப் பார்த்தார். அவை நம்பிக்கை தந்தபின், 1886ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் இந்தியாவின் முதல் பருவமழை முன்னறிவிப்பு முறையாக வெளியிடப்பட்டது. இன்று ஆண்டுதோறும் நாம் நாளிதழில் படிக்கும் பருவமழை அறிவிப்புக்கு அதுவே தாய். 1888இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய பிளான்போர்டு, மறு ஆண்டு இந்தியா, இலங்கை, பர்மா நாடுகளின் வானிலை பற்றிய கையேடு ஒன்றை வெளியிட்டார். 1893ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் போக்ஸ்டன் என்னும் கடற்கரை ஊரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 58.

பின்வந்தோர் கண்டவை

பனி ஒன்றே மழையை முடிவு செய்யும் என்று இன்று எவரும் சொல்வதில்லை. பின்னாளில் அதே துறையின் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர், பசிபிக் கடற்பரப்பின் காற்றழுத்த ஊசலாட்டத்துக்கும் நம் மழைக்கும் உள்ள உறவைக் கண்டார். 1877இல் பசிபிக் கடல் வெப்பம் ஏறிய எல் நினோ நிலை கடுமையாக இருந்தது என்பதையும் இன்று அறிகிறோம். எனினும் 1976இல் ஆன், சுக்லா என்ற இரு அறிஞர்கள் செயற்கைக்கோள் காட்டிய ஆசியப் பனிப்பரப்பை மழையோடு ஒப்பிட்டபோது, பிளான்போர்டு சொன்ன எதிர்மாறான உறவே தென்பட்டது. அவ்வுறவு எல்லா ஆண்டும் ஒரே வலுவில் இருப்பதில்லை என்பது பிந்தைய ஆய்வுகளின் முடிவு.

அவர் தொடங்கிய தேடல் பனி உறைந்த இடங்களுக்கே இன்று நம்மவரை அழைத்துச் சென்றுள்ளது. அண்டார்டிகாவில் இந்தியா 1989இல் மைத்ரி நிலையத்தையும் 2012இல் பாரதி நிலையத்தையும் திறந்தது. 2016இல் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதியில், 13,500 அடிக்கும் மேலான உயரத்தில் இமான்ஷ் என்ற பனியாற்று ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அண்டார்டிகப் பனி முழுவதும் உருகினால் கடல்மட்டம் ஏறத்தாழ 58 மீட்டரும், கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் ஏறத்தாழ 7 மீட்டரும் உயரும் என்பது கணக்கு. நம் வாழ்நாளில் அவ்வாறு நேராது. ஆனால் ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கரைக்குச் சில அங்குலமும் பெரிது. துறைமுகச் சுவர்கள் வடக்கே வரும் மணலைத் தடுத்ததால் ஏற்கெனவே கரை அரிக்கப்பட்டு, பாறைகளைக் கொட்டிக் காக்கப்படும் கரை அது. கடலோரத்து மீனவர் குடிசைக்கும் தென்துருவப் பனிக்கும் உறவு உண்டு என்பதை இனி நாம் மறக்க முடியாது.

நாம் கற்பன

பிளான்போர்டின் வாழ்வு மாணவராகிய நமக்கு இரண்டு பாடங்களைத் தருகின்றது. எதிரே கிடக்கும் கல்லை ஏன், எப்படி என்று கேட்கும் துணிவு முதற்பாடம். வண்டலில் புதைந்த பாறை ஒன்று 30 கோடி ஆண்டுக் கதையைச் சொல்லவில்லையா? கேள்விக்குக் கண்ட விடையை ஆண்டுக்கணக்கில் சேர்த்த எண்களோடு வைத்துச் சோதிக்கும் பொறுமை இரண்டாம் பாடம்.

இவற்றோடு நாம் சேர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு. மழை பொய்க்கும் என அறிவியல் முன்னரே சொல்லிவிடலாம். ஆனால் அறிந்த செய்தி ஏழையின் உலையில் அரிசியாக மாற வேண்டுமானால் அரசுக்கு நெஞ்சில் ஈரம் வேண்டும், மக்களுக்கு விழிப்பு வேண்டும். அறிவும் அருளும் சேர்ந்த இடத்தில் பஞ்சத்துக்கு இடமில்லை. அவ்வறிவைத் தேடும் பணியில் வடசென்னை மாணவரும் பங்கு கொள்ளும் நாள் வருக! பனியைக் காணாத ஊரில் பிறந்தோம் என்பது அதற்குத் தடையாகாது. ஒரிசாவின் வெயிலில் நின்றல்லவா பிளான்போர்டு பனியைக் கண்டார்!